பயந்த கினிப்பன்றி: தூக்க, சீவ, நகம் வெட்ட விடாவிட்டால் என்ன செய்வது?

கினிப்பன்றி வளர்க்கத் தொடங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது ஏன் இப்படிப் பயப்படுது?" இதற்கு ஒரே பதில் கிடையாது. கையைக் கண்டு ஓடுவதற்கு ஒரு காரணம், மடியில் வைத்தால் கடிப்பதற்கு வேறொரு காரணம், நேற்றுவரை கையில் வந்து தின்றது இன்று ஒளிப்பதற்கு இன்னொரு காரணம். அதனால் அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுக் கினி செய்வது எதுவோ அந்த இடத்துக்குப் போய்ப் படிக்கலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம். "பயந்த சுபாவம்" என்று பெயர் வாங்கிய கினிகளில் பல உண்மையில் நோவோடோ வெக்கையோடோ இருப்பவை. நோவோடு இருப்பதை எவ்வளவு கொஞ்சினாலும் அது பழகாது.

எதற்கும் முன்: நோவா, வெக்கையா?

சமையலறைத் தராசில் ஒரு வெற்று ஐஸ்கிரீம் பெட்டியை வைத்து, அதற்குள் கினியை விட்டு நிறுத்துப் பாருங்கள். வளர்ந்த கினி ஏறத்தாழ 700 முதல் 1200 கிராம் வரை இருக்கும். ஆனால் உங்களுக்கு வேண்டியது இந்தக் கணக்கல்ல. போன வாரத்தைவிட இந்த வாரம் எவ்வளவு என்பதுதான். ஒரு கிலோ இருந்தது 900 கிராமாகியிருந்தால் பழக்குவதை நிறுத்திவிட்டு மிருக வைத்தியரிடம் போங்கள். மற்ற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி என்பதால் கினி தன் நோயைக் கடைசிவரை மறைக்கும். முகத்தைப் பார்த்து உங்களுக்கு ஒன்றும் தெரியாது, தராசுக்குத் தெரியும். வாரம் ஒரு முறை நிறுத்து நாட்காட்டியிலேயே குறித்து வையுங்கள்.

அடுத்தது மூட்டுகளும் உள்ளங்காலும். மனிதரைப் போலவே கினியின் உடலும் வைட்டமின் சீயைத் தானாக உண்டாக்காது. ஒரு கிலோ உடல் நிறைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மூட்டு வீங்கும், முரசில் இரத்தம் கசியும், தொட்டாலே கத்தும். இங்கே பல வீடுகளில் முயல் பெல்லட்டைத்தான் (சிறு உருண்டைகளாக அழுத்திய தீவனம்) போடுகிறார்கள். முயலுக்கு வைட்டமின் சீ வெளியிலிருந்து தேவையில்லை என்பதால் அதில் அதைச் சேர்ப்பதில்லை. கினிக்கென்றே விற்கும் பெல்லட்டிலும் நாள் போகப் போக அது குறைந்துவிடும், நம் ஊர் ஈரவெக்கையில் இன்னும் சீக்கிரம். தினமும் ஒரு துண்டு குடைமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி இலை, இடைக்கிடை சிறு துண்டு கொய்யா என்று கொடுத்தால் பிரச்சினை தீரும். வெள்ளரிக்காயை ஆசையாகத் தின்னும், ஆனால் அதில் பெரிதாக வைட்டமின் சீ கிடையாது. தண்ணீரில் கலக்கும் வைட்டமின் துளிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். சீக்கிரம் வீரியம் கெடும், சுவை மாறிவிட்டால் கினி தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும்.

வெக்கை விஷயம் கொழும்புக்காரர்களுக்கு முக்கியம். கினி தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலையின் குளிரிலிருந்து வந்த பிராணி. ஏறத்தாழ 18 முதல் 24 பாகை செல்சியஸ்தான் அதற்குச் சுகம். 27ஐத் தாண்டினால், அதுவும் காற்றில் ஈரம் கூடவாக இருந்தால், அது சோர்ந்துவிடும். கொழும்பில் பல மாதங்கள் இரவிலேயே 24க்குக் கீழே இறங்காது. வெள்ளவத்தையில் கடல் பார்த்த பல்கனி என்றால் மேற்குப் பக்கம். பின்னேரம் முழுக்க வெயில் நேராக விழும். கூட்டை அங்கே வைத்துவிட்டு, பின்னேரம் நாலு மணிக்கு உடம்பில் துவாயைச் சுற்றி நகம் வெட்டப் போனால் அது போராடாமல் என்ன செய்யும்? கூட்டை வீட்டின் உட்பக்கச் சுவரோரம் மாற்றுங்கள். படுக்க ஒரு பழைய தரை ஓடு போடுங்கள். போத்தலில் தண்ணீரை உறைய வைத்து, துணி சுற்றி, மூலையில் வையுங்கள். ஃபேன் காற்று நேராக மேலே படாமல் அறைக்குள் சுழன்றால் போதும். தூக்குவது, சீவுவது எல்லாம் விடிகாலையில் அல்லது இரவு சாப்பாட்டுக்குப் பிறகு.

இந்த இரண்டிலும் குறை இல்லையென்றால் கீழே போகலாம்.

கையைக் கண்டதும் ஓடி ஒளிக்கிறது

வந்து ஒரு வாரம்தான் ஆகிறது என்றால் இது பிழையே இல்லை, விட்டுவிடுங்கள். பக்கத்தில் இருந்து பேசுங்கள், புல் போடுங்கள், தூக்கப் போகாதீர்கள்.

மாதங்கள் போயும் ஓடுகிறதென்றால் கை எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள். கினியின் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் சுற்றிலும் கிட்டத்தட்ட எல்லாம் தெரியும், ஆனால் தூரத்தை மட்டுக்கட்டத் தெரியாது. மேலிருந்து இறங்குகிற எதுவும் அதற்குப் பருந்துதான். மேலே மட்டும் திறக்கிற கூடு என்றால் ஒவ்வொரு முறையும் நீங்கள் பருந்தாகத்தான் வருகிறீர்கள். பக்கவாட்டில் திறக்கும் கூடு நல்லது. அது இல்லாவிட்டால் நிலத்தில் உட்கார்ந்து, கையைத் தரையோடு வைத்து, முன்பக்கத்திலிருந்து மெதுவாக நீட்டுங்கள். உள்ளங்கையில் கொத்தமல்லித் தண்டு இருக்கட்டும். தின்னும்போது தொட வேண்டாம். சில நாள் அப்படியே தின்னட்டும். அப்புறம் ஒரு விரலால் நாடிக்குக் கீழே, பிறகு நெற்றியில் தடவலாம். பின்பக்கத்தில் கை வைப்பது பல கினிகளுக்குப் பிடிக்காது. நாயைத் தட்டிக் கொடுப்பதுபோல் முதுகில் தட்டவே கூடாது.

கை என்ன மணக்கிறது என்பதும் உண்டு. சித்தாலேப தைலம் பூசிய கை, நுளம்புக்கு எண்ணெய் தடவிய கை, பக்கத்து வீட்டுப் பூனையைத் தடவிவிட்டு வந்த கை, எதுவுமே சரிவராது. மணமில்லாத சவர்க்காரத்தால் கழுவிவிட்டு வாருங்கள்.

கூட்டில் ஒளிக்க இடமே இல்லாமல் வைத்திருந்தால் பழகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தலைகீழாகத்தான் வேலை செய்யும். ஓடி ஒளிக்க இடம் உண்டு என்று தெரிந்த கினிதான் வெளியே வந்து நிற்கும். இரண்டு வாசல் உள்ள அட்டைப்பெட்டி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். ஒற்றை வாசல் என்றால் ஒன்று மற்றதை உள்ளே மடக்கிவிடும்.

தனியாக ஒரே ஒரு கினி வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் பாதிக் காரணம் அதுவே. கூட்டமாக வாழும் பிராணி இது. தனியாக இருந்தால் எந்தச் சத்தத்துக்கும் தானே காவல் இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் கினிப்பன்றியைத் தனியாக வளர்க்கக் கூடாதென்று 2008இலேயே சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். இன்னொன்றைச் சேர்க்கும்போது ஆணா பெண்ணா என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். ஆணும் பெண்ணும் ஒன்றாகக் கிடந்த கூட்டிலிருந்து வாங்கிய பெண் கினி ஏற்கெனவே சினையாக இருக்கலாம். வயிறு பக்கவாட்டில் புடைத்து, தொட்டால் விலகுகிறதென்றால் தூக்குவதையும் குளிப்பாட்டுவதையும் தள்ளிப்போட்டு முதலில் அதை உறுதி செய்யுங்கள்.

தூக்கப் போனால் கூடு முழுக்க ஓடுகிறது, தூக்கினால் துள்ளுகிறது

துரத்திப் பிடிப்பதை இன்றே நிறுத்துங்கள். துரத்திப் பிடித்த ஒவ்வொரு முறையும் அது ஓடக் கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பதிலாக ஒரு குழாய். ஹார்ட்வெயார் கடையில் ஆறு அங்குல பீ.வீ.சீ குழாய் ஒரு முழம் வெட்டித் தருவார்கள். விளிம்பை அரத்தாள் போட்டு மழுக்கிவிடுங்கள். அதைக் கூட்டுக்குள் நிரந்தரமாகப் போட்டு வைத்தால் சில நாளில் அதுவே உள்ளே படுக்கும். தூக்க வேண்டிய நேரத்தில் இரண்டு பக்கமும் கையால் மூடி, குழாயோடு எடுத்து, மடியில் வைத்துவிடலாம். ஒரு சொட்டுப் போராட்டம் இராது. குழாய் கிடைக்காதவர்கள் பக்கம் திறந்த அட்டைப்பெட்டியை வைத்தும் இதைச் செய்யலாம்.

கையால் தூக்கும் முறை: ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, முன்னங்கால்களுக்குப் பின்னால். மற்றக் கை உடனே பின்பக்கத்தைத் தாங்க வேண்டும். பின்னங்கால் தொங்கினால்தான் துள்ளும். தாங்கினால் பாதித் துள்ளல் நின்றுவிடும். தூக்கியதும் உங்கள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். பிடரியில் பிடித்துத் தூக்குவது, மல்லாக்காகத் திருப்புவது இரண்டும் கூடாது. முயலைப் பிடிப்பவர்கள் காட்டித் தரும் வித்தைகளை இதில் முயல வேண்டாம்.

கீழே விடும்போதுதான் அதிகம் விழுகிறது. கூட்டைக் கண்டவுடன் ஒரு சாண் உயரத்திலிருந்து பாய்ந்துவிடும். கால் முறியலாம், பல் உடையலாம், முதுகெலும்பும் அடிபடலாம். அதனால் அதன் பின்பக்கம் கூட்டை நோக்கி இருக்கும்படி இறக்குங்கள். தரையில் கால் பட்ட பிறகும் இரண்டு மூச்சு விட்டுக் கையை எடுங்கள். பிள்ளைகள் என்றால் நிலத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்த பிறகுதான் மடியில் கொடுக்க வேண்டும். கதிரையில் இருக்கும் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள், நின்றுகொண்டிருக்கும் பிள்ளையிடம் எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள்.

மடியில் வைத்தால் கல்லாகிவிடுகிறது

"எவ்வளவு அமைதி பாருங்கோ" என்று படம் எடுத்துப் போடும் பலருடைய கினிகள் இந்த நிலையில்தான் இருக்கும். கண் விரிந்து, காது விறைத்து, மூக்குக்கூட அசையாமல் இருந்தால் அது அமைதி இல்லை, பயத்தின் உச்சம். உண்மையில் நிம்மதியாக இருக்கும் கினி உடம்பைத் தளர்த்திப் பரப்பிப் படுக்கும், இடைக்கிடை வாயை அசைக்கும், தாழ்ந்த குரலில் நீளமாக முரலும். அதே முரல் குட்டையாக, கொஞ்சம் கூர்மையாக, உடம்பு விறைத்தபடி வந்தால் "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று அர்த்தம். பல் நறநறவென்று கேட்டால் அடுத்தது கடிதான்.

கல்லாகிய கினிக்கு மருந்து நேரத்தைக் குறைப்பது. பழைய சாரத்தை நான்காக மடித்து மடியில் போட்டு, அதன் ஒரு மடிப்புக்குள் அது நுழைந்து இருக்க விடுங்கள். ஒரு துண்டு குடைமிளகாயை மூக்கருகே வையுங்கள். தின்றால் பயம் தணிகிறது. தின்னாவிட்டால் ஓரிரு நிமிடத்தில் திருப்பி விட்டுவிடுங்கள், அடுத்த நாள் பார்க்கலாம்.

மடியில் நன்றாக இருந்துவிட்டுத் திடீரென்று கடிக்கிறது

பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து நெளிந்து, பின்னால் பின்னால் நகர்ந்து, உங்கள் சட்டையைப் பல்லால் இழுக்கிறதா? மூத்திரம் வருகிறது, வேறொன்றுமில்லை. பல கினிகள் தாம் படுத்திருக்கும் இடத்தை நனைக்க விரும்பாது. கூட்டில் விட்டால் உடனே மூலைக்குப் போகும், நீங்களே பார்ப்பீர்கள். இதைக் குணக்கேடு என்று நினைத்துத் தட்டினால், சொல்லிப் பார்த்துப் பயனில்லை என்று அடுத்த முறை நேரே விரலைக் கடிக்கும்.

தடவும்போது தலையை மேலே எறிந்து உங்கள் கையைத் தள்ளுகிறதென்றால் "போதும்" என்கிறது. கையை எடுங்கள். விரலை மெல்லக் கொறித்தால் உங்கள் கையில் கறிவேப்பிலை வாசமோ வெள்ளரிக்காய் வாசமோ இருக்கிறது. இரத்தம் வர ஆழமாகக் கடித்தால் ஏதோ நோகிறது. எங்கே தொட்டபோது கடித்தது என்று நினைவுபடுத்தி வைத்தியரிடம் சொல்லுங்கள்.

தொட்டால் கத்துகிறது

உணவைக் கேட்டுக் கீச்சிடும் சத்தம் வேறு, இது வேறு. வயிற்றைத் தொட்டால், அல்லது மூத்திரம் போகும்போது முதுகை வளைத்துக் கத்தினால் சிறுநீர்ப்பையில் கல் இருக்கலாம். படுக்கைத் துணியில் சிவப்புக் கறை இருக்கிறதா பாருங்கள். கல் இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். காலைத் தொட்டால் கத்தினால் உள்ளங்காலைப் பாருங்கள். கம்பித் தரையில் வளர்ந்த, கொழுத்த, நகம் நீண்ட கினிகளுக்கு உள்ளங்காலில் புண் வரும். கம்பியின்மேல் தடித்த துணி விரிப்பது இன்றே செய்யக்கூடியது. புண் திறந்திருந்தால் வைத்தியர்.

நகம் வெட்ட விடுவதில்லை

முன்காலில் நான்கு, பின்காலில் மூன்று என்று மொத்தம் 14 நகங்கள். இவ்வளவையும் ஒரே இருப்பில் வெட்ட வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு நாளைக்கு ஒரு கால், அல்லது ஒரு நாளைக்கு ஒரு நகம்கூடப் போதும். மாதத்துக்கு ஒரு சுற்று முடிந்தால் சரி.

காலைத் தொட்டவுடன் இழுத்துக்கொள்ளும் கினிக்கு முதலில் வெட்டுவதை மறந்துவிட்டு, தின்னும் நேரத்தில் பாதத்தைத் தொட்டுவிட்டு விடுவதை மட்டும் சில நாள் செய்யுங்கள். பிறகு நகவெட்டியைப் பக்கத்தில் வைத்து அதன் சத்தத்தை மட்டும் கேட்கச் செய்யுங்கள். அதற்குப் பிறகு வெட்டுங்கள்.

இரண்டு பேர் இருந்தால் வேலை பாதியாகும். ஒருவர் கினியின் முதுகு தன் வயிற்றோடு சேரும்படி மடியில் இருத்தி, பின்பக்கத்தைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் வெட்டலாம். நெஞ்சை அழுத்திப் பிடிக்கக் கூடாது, மூச்சு முட்டும். அம்மம்மா பக்கத்தில் இருந்து புல்லை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. தனியாகச் செய்பவர்கள் துவாயால் சுற்றி ஒரு காலை மட்டும் வெளியே எடுக்கலாம். ஆனால் நம் ஊர் வெக்கையில் துவாய்ச் சுற்று சில நிமிடங்களுக்கு மேல் வேண்டாம்.

வெள்ளை நகத்தில் உள்ளே ஓடும் இளஞ்சிவப்பு நரம்பு தெரியும். அதற்கு இரண்டு மில்லிமீற்றர் முன்னாலேயே நிறுத்துங்கள். கறுப்பு நகத்தில் தெரியாது. பின்னாலிருந்து ஃபோன் டோர்ச்சை அடித்தால் நிழலாகத் தெரியும். அப்போதும் சந்தேகம் என்றால் நுனியை மட்டும் கிள்ளுங்கள். பூனை நகவெட்டி நல்லது. நாம் பாவிக்கும் நகவெட்டி குட்டிகளுக்குச் சரி, வயதான கினியின் தடித்த நகத்தை அது பிளந்துவிடும்.

இரத்தம் வந்துவிட்டால் பதற வேண்டாம். பக்கத்திலேயே ஒரு யோகட் கப்பில் சோளமா வைத்திருங்கள். நகத்தை அதில் அழுத்தி, சுத்தமான துணியால் சில நிமிடம் பிடியுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். கால் மணி நேரமாகியும் நிற்காவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும். அன்று மரத்தூளில் விடாமல் சுத்தமான துணியில் விடுங்கள்.

முன்பாதத்தின் ஓரத்தில் நகம்போல் நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த தோல் ஒன்று சிலவற்றுக்கு வரும். அது நகமல்ல, ஒன்றும் செய்யாது. அடியோடு வெட்டப் போகாதீர்கள், இரத்தம் வரும்.

சீப்பைக் கண்டால் ஓடுகிறது, முடி சிக்காகிக் கிடக்கிறது

குட்டை முடிக் கினிக்கு வாரம் ஒரு முறை கையால் தடவி உதிர்ந்த முடியை எடுத்தாலே போதும். பிரச்சினை பெருவியன் போன்ற நீள முடி வகைகளில்தான். அவற்றுக்குத் தினமும் பார்க்க வேண்டும்.

சீப்பில் தொடங்காதீர்கள். குழந்தைகள் பாவிக்கும் மென்மையான பல் துலக்கி ஒன்றை எடுத்து, கன்னத்திலும் காதுக்குப் பின்னாலும் மெதுவாக இழுங்கள். பல கினிகள் இதற்குக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். முதுகுக்கு வந்து, அப்புறம் சீப்புக்கு மாறலாம்.

சிக்கை நனைக்காதீர்கள், நனைத்தால் இன்னும் இறுகும். சிக்குக்கும் தோலுக்கும் இடையில் சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே மழுங்கிய நுனிக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். கினியின் தோல் மெல்லியது. சீப்பு இடையில் இல்லாவிட்டால் தோலையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். சிக்கு பின்பக்கத்தில், மூத்திரத்தில் ஊறி இருந்தால் பிரித்துக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். முழுதாக வெட்டிவிடுங்கள். நம் காலநிலையில் அந்த ஈரத்துக்கு இலையான் வரும், முட்டை போடும், ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடும். புழுவைக் கண்டால் அது அவசரம், அடுத்த நாள்வரை காத்திருக்கக் கூடாது.

என்னைக் கேட்டால் கொழும்பில் நீள முடிக் கினியை நீள முடியோடு வைத்திருப்பதே வீண் வேலை. தரையில் இழுபடாத அளவுக்குக் குட்டையாக வெட்டிவிட்டால் அதற்கும் வெக்கை குறையும், உங்களுக்கும் தினசரிப் போராட்டம் குறையும். அழகு போய்விடும் என்பவர்கள் டிசம்பரில் நுவரெலியாவுக்குக் குடிபோகலாம்.

பின்பக்கம் பிசுபிசுவென்று இருக்கிறது, தொட விடுவதில்லை

வால் இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. ஆண்களுக்கு அதிகம் சுரந்து மெழுகுபோல் படியும். தேங்காய் எண்ணெயை விரலால் தொட்டு அந்த இடத்தில் ஊறவிட்டு, சில நிமிடம் கழித்து இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். ஒரே நாளில் எல்லாம் வர வேண்டியதில்லை. உரசி உரித்தால் அடுத்த முறை பின்பக்கம் கையே வைக்க விடாது. வயதான ஆண்களுக்கு மலவாய் மடிப்பில் புழுக்கை அடைத்து நாறும். இதை முதல் முறை வைத்தியர் செய்து காட்டட்டும், பிறகு நீங்கள் செய்யலாம்.

ஓயாமல் சொறிகிறது, சீவினால் வெறிபிடித்ததுபோல் ஓடுகிறது

சீவுவதை உடனே நிறுத்துங்கள். தோலுக்குள் துளைத்து வாழும் ஒருவகைச் சிற்றுண்ணி கினிகளுக்கு வரும். அரிப்பு தாங்க முடியாமல் இருக்கும். சில கினிகளுக்குத் தொட்டவுடன் வலிப்புக்கூட வரும். தோளிலும் முதுகிலும் முடி கொட்டி, தோல் தடித்துப் பொருக்காகும். வேப்பெண்ணெய், மஞ்சள் என்று வீட்டில் ஏதாவது பூசத்தான் கை போகும். பூசியதையெல்லாம் அது நக்கிவிடும், தோலுக்குள் இருக்கும் உண்ணிக்கு அது போயும் சேராது. நாய், பூனைக்கு விற்கும் தெள்ளு மருந்தும் வேண்டாம். வைத்தியர் நிறைக்கு ஏற்ப ஐவர்மெக்டின் என்ற உண்ணி மருந்தைக் கொடுப்பார், நாட்கள் இடைவெளி விட்டுத் திரும்பவும் கொடுப்பார். கூட்டில் உள்ள மற்றக் கினிகளுக்கும் சேர்த்துத்தான்.

மூக்கு, கண், காதைச் சுற்றி வட்டமாக முடி கொட்டிச் செதிள் விட்டிருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அது பிள்ளைகளுக்கும் தொற்றும், கையுறை போடுங்கள். பெண் கினிக்கு இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி குறைந்தால் சூலகக் கட்டி ஒரு காரணம்.

காதுக்குப் பின்னால் சிறு வழுக்கை எல்லாக் கினிக்கும் உண்டு. கண்ணிலிருந்து பால்போல ஒரு நீர் வந்து, அதைக் கையால் தேய்த்து முகம் கழுவுவதும் இயல்புதான். இரண்டுக்கும் மருந்து தேட வேண்டாம்.

குளிக்க வார்த்தால் நடுங்குகிறது

அப்படியென்றால் வார்க்காதீர்கள். உண்மையாகவே சொல்கிறேன், பெரும்பாலான கினிகளுக்குக் குளிப்புத் தேவையே இல்லை. கட்டாயம் என்றால் பேசினின் அடியில் துவாய் விரித்து, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர், தலையை நனைக்காமல், அழுக்கான பகுதியை மட்டும். பிறகு முழுதாகத் துடைத்துக் காய வைக்க வேண்டும். மழை நாளில் வேண்டாம்.

நன்றாகப் பழகியது, திடீரென்று மிரள்கிறது

நிறையைப் பார்த்தாயிற்று, குறையவில்லை. அப்போது வீட்டில் என்ன மாறியது என்று தேடுங்கள்.

நான் முதலில் கேட்பது எலி விரட்டியைப் பற்றி. பிளக்கில் செருகினால் கரப்பானும் எலியும் ஓடும் என்று விற்கிறார்களே, அது எழுப்பும் ஒலி நம் காதுக்கு எட்டாது. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், கினி ஏறத்தாழ 50 வரை கேட்கும். கரப்பான் ஓடுகிறதோ இல்லையோ, கினிக்கு இரவு பகலாகச் சைரன்தான். கழற்றிவிட்டு இரண்டு மூன்று நாள் பாருங்கள்.

அடுத்தது காகம். கொழும்பில் பல்கனிக் கம்பியில் காகம் வந்து இருக்காத வீடு உண்டா? கூடு ஜன்னலோரம் இருந்தால் ஒரு காகம் கம்பியைக் கொத்தியதே போதும். இரவில் பூனை வந்து போனாலும் இதே கதைதான். கூட்டின் இரண்டு பக்கத்தை அட்டையாலோ துணியாலோ மறையுங்கள், ஆனால் காற்றை அடைக்க வேண்டாம்.

ரயில், பாண் ஓட்டோவின் பாட்டு, குக்கர் விசில் போன்று தினமும் ஒரே நேரத்துக்கு வருபவை அதற்குப் பழகிவிடும். பழகாதது வெடி. தீபாவளிக்கும், சித்திரைப் புத்தாண்டுக்கும், டிசம்பர் 31 இரவுக்கும் முன்கூட்டியே கூட்டை உள்ளறைக்கு மாற்றி, புல்லை வழக்கத்தைவிட அதிகமாகக் குவித்துவிடுங்கள், அதற்குள் புகுந்துகொள்ளும். வெடி கேட்ட அடுத்த நாள் நகம், சீப்பு எதுவும் வேண்டாம். டெங்குக்குப் புகை அடிக்க வரும் நாளில் ஜன்னலைச் சாத்தி, கூட்டைத் தூரமான அறைக்குக் கொண்டுபோங்கள். கினியின் நுரையீரல் புகைக்கு லேசில் பாதிக்கப்படும். நுளம்புச் சுருளும் அதே அறையில் கூடாது.

தட்டையாகக் கிடந்து வேகமாக மூச்சு வாங்குகிறது, வாயோரம் ஈரம்

இது பயமல்ல, வெப்ப அதிர்ச்சி. உடனே குளிர்ந்த அறைக்கு எடுங்கள், ஏசி இருந்தால் போடுங்கள். காதையும் பாதத்தையும் குளிர்ந்த தண்ணீரால் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், தண்ணீருக்குள் முழுதாக அமிழ்த்தவும் வேண்டாம். குடித்தால் தண்ணீர் கொடுங்கள், வாயில் ஊற்றாதீர்கள். அப்படியே வைத்தியரிடம் புறப்படுங்கள்.

வைத்தியரிடம் கொண்டுபோனால் திரும்பி வந்து நாள்கணக்கில் ஒளிக்கிறது

கொழும்பில் மிருக வைத்தியசாலைகளுக்கு வருபவை பெரும்பாலும் நாயும் பூனையும். கினி பார்ப்பார்களா என்று முதலில் ஃபோனில் கேளுங்கள், கூட்டம் குறைந்த நேரத்தையும் கேளுங்கள். காத்திருக்கும் இடத்தில் கூடையைத் தரையில் வைக்காமல் மடியில் வைத்து, துணியால் மூடுங்கள். நாய் வந்து மணந்து பார்ப்பதுதான் பாதி அதிர்ச்சி. மதியம் ஓட்டோவில் போக நேர்ந்தால் உறைந்த போத்தலைத் துணி சுற்றிக் கூடையில் வையுங்கள். கூட்டாளிக் கினியையும் சேர்த்துக் கொண்டுபோனால் இரண்டும் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு இருக்கும், திரும்பி வந்து ஒன்றையொன்று அந்நியமாகப் பார்க்கவும் மாட்டா.

மருந்து எழுதும்போது ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: இது பென்சிலின் வகையா? அமொக்ஸிசிலின் போன்றவை வாய்வழி கொடுத்தால் கினியின் குடலில் உள்ள நல்ல பக்டீரியாக்கள் அழிந்து உயிரே போகலாம். நாய்க்கு எழுதிய மிச்ச மருந்தை வீட்டில் கொடுப்பதும், நாம் பாவிக்கும் நோவு மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் கூடவே கூடாது. சத்திரசிகிச்சை என்றாலும் நாய் பூனைபோல் பட்டினி போட்டுக் கொண்டுபோக வேண்டியதில்லை. கினி வாந்தி எடுக்காது, அதன் குடல் நின்றுவிட்டால்தான் ஆபத்து. போகும்போதும் வரும்போதும் கூடையில் புல் இருக்கட்டும். வீட்டுக்கு வந்து 12 மணி நேரம் ஆகியும் எதையும் தின்னவில்லையென்றால் வைத்தியரைத் திரும்ப அழையுங்கள்.